எவுதோரோ யராரியின் காதுக்குறி

எவுதோரோ யராரிக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. முகமும் அரைகுறைதான். காது மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும், சாகும்வரை மறக்காது. காதை வைத்துத்தான் அவன் பிழைத்தான். காதை வைத்துத்தான் பெண்ணும் எடுத்தான். சாந்த ரோசா திருவிழாவில் ஊர் இளவட்டங்கள் எல்லாம் லாஸ்தேனியாவின் கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவன் நேராக அவள் பக்கத்தில் போய், "உன் இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கே, பொறக்கும்போதே அப்படியா, இல்ல எதுலயாவது மாட்டிக்கிச்சா?" என்று கேட்டான். வேறு பெண்ணாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். லாஸ்தேனியா சிரித்துவிட்டாள். அன்றைக்குச் சிரித்ததற்கு இருபத்தெட்டு வருடமாக அனுபவிக்கிறேன் என்பாள் அவள்.

எங்கள் புல்வெளியில் வேலி என்பது பேருக்குத்தான். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் அதுவும் போய்விடும். பத்துப் பண்ணை மாடும் ஒன்றாகக் கலந்து நிற்கும். தண்ணீர் வடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே பட்டியில் அடைத்துப் பிரிப்பார்கள். சூடு போட்ட தழும்பை மயிர் மூடியிருக்கும். அப்போது காதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொந்தக்காரனுக்கும் ஒரு வெட்டு: ஒருவனுக்கு நுனி, ஒருவனுக்கு ஓரம், ஒருவனுக்கு நடுவில் துளை. தகராறு முற்றினால் எவுதோரோவைப் பட்டியின் நடுவில் நிறுத்துவார்கள். பண்ணைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எவுதோரோ, காது என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். அவன் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. ஒருமுறை தன் பத்ரோனான, அதாவது பண்ணை முதலாளியான, தொன் ஒர்மாந்தோவுக்கே எதிராகச் சொல்லி, அருமையான ஒரு காளையை ஆற்றுக்கு அக்கரைப் பண்ணைக்கு ஓட்டிவிட்டான். பத்ரோன் இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு காதைப் பார்க்க அவரேதான் ஆள் அனுப்பினார்.

எவுதோரோவுக்குச் சம்பளம் போக, பிறக்கும் இருபது கன்றுக்கு ஒரு கன்று கூலி. அதன் காதில் அவன் குறி விழும். மேய்வது பண்ணைப் புல்லைத்தான். குறி விழுந்த உருப்படியைப் பற்றி ஒரு வருடம் யாரும் வாய் திறக்காவிட்டால் அது குறிக்காரனுக்குச் சொந்தம். அது மேயும் இடத்தைப் பறிக்கப் பத்ரோனுக்கும் உரிமை இல்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தை ஏமாற்றுகிறவனும் இதில் கை வைக்க மாட்டான், வைத்தால் அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு அவன் மாட்டை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். எவுதோரோவிடம் இருபத்திரண்டு மாடு சேர்ந்திருந்தது. நாற்பது ஆனதும் சொந்தமாக ஒரு சின்னப் பண்ணை போட்டுப் பத்ரோனுக்குச் சலாம் போட்டுவிடுவது என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் திட்டம்.

குறி போடுவது ஜூன் மாதம், சான் ஹுவான் திருநாளில். அன்று எவுதோரோவின் கையில் கத்தி இருந்தால் வீட்டில் எதற்கும் நிம்மதி கிடையாது. கன்று முடிந்ததும் பன்றி, பன்றி முடிந்ததும் நாய், நாய் முடிந்ததும் வாத்தின் கால் சவ்வு. லாஸ்தேனியா அன்று தலையில் துணியைக் கட்டிக் காதை மூடிக்கொண்டுதான் அடுப்படியை விட்டு வெளியே வருவாள். "எங்கிட்ட வந்த, அடுப்புக் கட்டை பேசும்" என்பாள்.

அடுப்படிக்குப் பின்னால் ஒரு காட்டுத்துண்டு இருந்தது. நாலு பக்கமும் புல், நடுவில் மரம். எங்கள் பக்கம் இதைத் தீவு என்போம். அதில் லுக்காச்சிக் குரங்குகள் ஒரு குடும்பம். பூனை அளவு இருக்கும், வால் மட்டும் உடம்பை விட நீளம். ஆணும் பெண்ணும் கிளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாலை வாலோடு பின்னிக்கொள்ளும். விடியும்போது இரண்டும் சேர்ந்து ஒரு கத்து கத்தும் பாருங்கள், மூன்று மைல் தூரத்தில் இருப்பவனும் போர்வையை உதறிவிட்டு எழுந்துவிடுவான். குதிரைக்குச் சேணம் போடுவதே எவுதோரோ அந்தக் கத்தலைக் கேட்டபடிதான். மாடு ஓட்டிக்கொண்டு வெளியூர் போனால் காலையில் எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பான்; அது கேட்காமல் அவனுக்கு நாள் தொடங்காது. சாப்பாட்டு மேசையில் பழுத்த வாழைப்பழம் வைத்தால் குடும்பத்தோடு இறங்கி வந்து தின்றுவிட்டுப் போகும். நம்ம வீட்டில் தின்கிறது, நம்ம வீட்டுப் பின்னால் தூங்குகிறது, அப்படியென்றால் நம்முடையதுதானே? ஒரு சான் ஹுவான் நாளில் எவுதோரோவுக்கு இந்த யோசனை வந்தது.

அன்று தென்காற்று அடித்தது. எங்கள் பக்கம் ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் காற்று வந்தால் குளிர் எலும்பில் ஏறும். லுக்காச்சிகள் விறைத்துப்போய்த் தாழ்ந்த கிளையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும். எவுதோரோ காய் பறிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பறித்து மேசையில் வைத்தான். கத்தியை எடுத்தான். ஆண் குரங்கு அவனை ஏறிட்டுப் பார்த்தது. பத்தாயிரம் காதை வெட்டிய கை அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"என்னய்யா, நின்னுட்ட?" என்றாள் லாஸ்தேனியா.

"காது ரொம்பச் சின்னது. வெட்டினா மிச்சம் இருக்காது."

"அப்ப விடு."

"குறி இல்லாம எப்படி விடறது?"

ஆற்றுக்கு இந்தக் கரை லுக்காச்சிக்குக் காதில் வெள்ளைக் குஞ்சம்போல மயிர் இருக்கும். எவுதோரோ லாஸ்தேனியாவின் துணி வெட்டும் கத்தரிக்கோலை வாங்கி, அந்தக் குஞ்சத்தை ஒட்ட நறுக்கிவிட்டான். எல்லாவற்றுக்கும் இரண்டு காதும் வழித்துவிட்டாற்போல ஆனது. அதன் பிறகு வருடா வருடம் சான் ஹுவானை ஒட்டித் தென்காற்று அடிக்கும் நாளில் அதுவும் ஒரு வேலை. பண்ணை ஆட்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பத்ரோன் மட்டும் பார்த்ததில்லை. அவர் வேலையாட்களின் வீட்டுப் பின்பக்கம் வருகிறவர் அல்ல.

ஐந்தாம் வருடம் ஜூலையில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தது. ஒன்று, மாட்டுக்குப் புல் போதவில்லை, தீவை வெட்டி எரித்துப் புல் விதைக்கப் போகிறேன் என்று பத்ரோன் சொல்லி, கோடாலிக்காரர்களுக்கும் ஆள் விட்டுவிட்டார். இன்னொன்று, லா பாஸ் நகரிலிருந்து ஒரு குரங்கு டாக்டர் வந்தாள். பெயர் வாரா சிப்பானா. மலைநாட்டுப் பெண், கொசுவுக்குப் பயந்து முகத்தையும் மூடியிருந்தாள். எவுதோரோ அப்போது மாடு ஓட்டிக்கொண்டு மூன்று வாரப் பயணம் போயிருந்தான். லாஸ்தேனியா அவளுக்குத் தொங்குகட்டில் கட்டிக் கொடுத்து, உப்புக்கண்டமும் வாழைக்காயும் சேர்த்து இடித்த மசாக்கோ போட்டு, மறுநாளே சீக்குக் கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"நான் கோழிக்குப் பாக்கற டாக்டர் இல்லக்கா."

"குரங்குக்கு மட்டும்தானா? ஒரு ஊசி போட்டா கொறஞ்சா போயிடுவ?"

"ஊசியும் போட மாட்டேன். எது எந்த இனம்னு பிரிச்சு எழுதறதுதான் என் வேலை. அக்கரை லுக்காச்சி ஒரு இனம்: செம்பட்டை உடம்பு, காதுல மயிர் கிடையாது. இக்கரை வேற இனம்: பழுப்பு உடம்பு, காதுல வெள்ளைக் குஞ்சம்."

"அதாவது, மயிரைப் பாத்து இனம் பிரிப்ப?"

"அதுவும் ஒரு அடையாளம்."

"அப்ப என் புருஷனை மொட்டை அடிச்சா வேற இனமா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். லாஸ்தேனியா சிரிக்கவில்லை, சும்மா ஒரு சந்தேகமாகத்தான் கேட்டாள்.

அடுத்த நாள் டாக்டர் ஒரு ஒலிபெருக்கியை மரத்தடியில் வைத்து, பதிவு செய்து வைத்திருந்த லுக்காச்சிக் கத்தலைப் போட்டாள். நம் ஆண் குரங்கு எவனோ அயலான் வந்துவிட்டான் என்று கொதித்துப்போய் இறங்கி வந்து ஒலிபெருக்கியோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டது. டாக்டர் தொலைநோக்கியில் பார்த்தாள். உடம்பு பழுப்பு, இக்கரை இனம். காது மொட்டை, அக்கரை இனம். எல்லாக் குரங்கும் அப்படியே. தொலைநோக்கியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, இது ரெண்டும் இல்ல! இது மூணாவது! இதுவரைக்கும் யாருமே எழுதாத இனம்!"

லாஸ்தேனியா கத்தரிக்கோல் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சத்தம் கேட்டுப் பத்ரோன் குதிரையில் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். புது இனத்துக்கு இடத்துச் சொந்தக்காரர் பெயரை லத்தீனில் வைப்பதும் உண்டு என்று டாக்டர் சந்தோஷத்தில் உளறிவிட்டாள். பத்ரோன் தொப்பியைக் கழற்றினார்.

"என் பேரா? உலகம் பூராவும் புஸ்தகத்துல வருமா? அக்கரைப் பண்ணைக்காரன் படிப்பானா?"

"எல்லாரும் படிப்பாங்க."

"கோடாலிக்காரங்களைத் திரும்பிப் போகச் சொல்லு. இந்தத் தீவுல ஒரு குச்சியை ஒருத்தனும் ஒடிக்கக் கூடாது."

லாஸ்தேனியா வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அந்தக் காட்டு நிழல் வேண்டும், அந்தக் காலைச் சத்தம் வேண்டும்.

எவுதோரோ திரும்பி வந்ததும் பத்ரோன் தீவின் முன்னால் பெயர்ப்பலகை நட்டிருப்பதைப் பார்த்தான். அடுப்படியில் பெண்டாட்டி முழுக் கதையும் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அது என் குறி புள்ளே. புது இனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"தெரியும். வாயைத் திறந்த, தீவு போச்சு."

"காது விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்ல."

"உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா? சும்மா இருன்னுதான் சொல்றேன். அதுகூடவா வராது?"

சும்மா இருக்கலாம். ஆனால் மயிர் சும்மா இருக்காதே. செப்டம்பரில் டாக்டர் கடைசியாகச் சரிபார்க்க வருவதாக இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஐந்து குரங்குக்கும் காதில் வெள்ளை தலை நீட்டிவிட்டது. தென்காற்று வந்தால் பிடித்துவிடலாம் என்று எவுதோரோ தினமும் தெற்கே பார்த்து நின்றான். வந்ததெல்லாம் வெயில். வாழைப்பழத்தைக் காட்டினால் பழத்தை எடுத்துக்கொண்டு ஓடின. கத்தரிக்கோலைக் கண்டால் பழமும் வேண்டாம் என்று ஓடின. கடைசியில் ஒருநாள் ஆண் குரங்கு மத்தியானத் தூக்கம் போட்டிருந்த கிளைக்கு எட்டும்படியாக, கத்தரிக்கோலைப் பல்லில் கடித்துக்கொண்டு பக்கத்து மரத்தில் ஏறினான். கண் முழுக்கக் காதிலேயே இருந்ததால் எந்த மரம் என்று பார்க்கவில்லை. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தை கூடத் தொடாத எறும்பு மரம் அது. எட்டி ஒரு காதின் குஞ்சத்தை நறுக்கினான். அந்த நொடியில் எறும்புகள் கால்சட்டைக்குள் புகுந்தன. அவன் போட்ட கூச்சலுக்குக் குரங்குக் குடும்பம் முழுவதும் பதில் கொடுத்தது. இறங்கினானா விழுந்தானா என்று லாஸ்தேனியாவுக்குக் கூடச் சொல்லத் தெரியவில்லை. மூன்று நாள் குதிரையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

செப்டம்பரில் டாக்டர் வந்தாள். பத்ரோன் ஒரு காளையை முழுதாக வாட்டச் சொல்லி, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களையும், முக்கியமாக அக்கரைக்காரனையும், அழைத்திருந்தார். பலகைக்கு வெள்ளையடித்து ஆகியிருந்தது. ஒலிபெருக்கி கத்தியது. ஆண் குரங்கு பழைய பகையாளியைத் தேடிக்கொண்டு இறங்கி வந்து, எல்லோருக்கும் எதிரே தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. ஒரு காது மொட்டை. ஒரு காதில் வெள்ளைக் குஞ்சம்.

டாக்டர் தொலைநோக்கியை இறக்கினாள்.

"இது... இது எப்படி?" என்றாள்.

"நாலாவது இனமோ என்னமோ" என்றார் பத்ரோன் ஆசையாக.

அக்கரைக்காரன் நக்கலாகச் சிரித்தான். "ஏன்யா ஒர்மாந்தோ, இடது காதுக்கு ஒரு பேர், வலது காதுக்கு ஒரு பேரா?"

பத்ரோனுக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பினார். கூட்டத்தின் கடைசியில் மனைவியின் பின்னால் ஒளிய முயன்றுகொண்டிருந்த எவுதோரோவைக் கண்டுபிடித்தார். அவர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றப் பண்ணைக்காரர்களும் கழற்றினார்கள்.

"எவுதோரோ," என்றார், "காது என்ன சொல்லுது?"

லாஸ்தேனியா அவன் கையைக் கிள்ளினாள். 'பொறக்கும்போதே அப்படித்தான், பத்ரோன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீவு நிற்கும், குரங்கு நிற்கும். அந்தக் கூட்டத்தில் அவன் பேச்சை ஒருவனும் சந்தேகப்பட மாட்டான். அதுதான் அவனை வதைத்தது. அவர்கள் தலையில் தொப்பி இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு சொன்னான்.

"என் குறி, பத்ரோன்" என்றான். "வருஷா வருஷம் சான் ஹுவானுக்கு நான்தான் நறுக்கறேன். இதுங்க நம்ம பழைய லுக்காச்சிதான். புதுசு எதுவும் இல்ல."

அக்கரைக்காரன் சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. டாக்டர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள், எவுதோரோவைப் பார்த்தாள்.

"மயிரை வெட்டினா வேற இனமான்னு அக்கா அன்னிக்கே கேட்டாங்க," என்று முனகினாள். "நான் சிரிச்சேன்."

பத்ரோனுக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "பலகையைப் பிடுங்கு! திங்கக்கிழமை கோடாலிக்காரன் வரணும்!"

"ஐயா, பொறுங்க," என்றாள் டாக்டர். "பழைய இனம்னாலும் இது இந்தப் பக்கத்தைத் தவிர உலகத்துல வேற எங்கயுமே கிடையாது."

"எல்லா வீட்டுக் கொல்லையிலயும் கிடக்குது, கிடையாதுங்கிறா! வெட்டுடா!"

அப்போது லாஸ்தேனியா முன்னால் வந்தாள். கையில் இறைச்சி திருப்பும் நீளக் கம்பி இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"பத்ரோன், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாலு வருஷமா குறி போட்டிருக்கு. யாராச்சும் இது என்னுதுன்னு வந்தாங்களா?"

"குரங்குக்கு எவன்டி வருவான்?"

"வரலல்ல? அப்ப அது எங்க உருப்படி. அது மேயற எடம் அந்தத் தீவு."

பத்ரோன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சுற்றி நின்ற பண்ணைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவனும் மனதில் தன் மாடு அடுத்தவன் பட்டியில் நிற்பதை நினைத்துக்கொண்டிருந்தான். அக்கரைக்காரன்தான் முதலில் பேசினான்.

"குறி குறிதான், ஒர்மாந்தோ. இதுல நீ கை வச்சா, வெள்ளத்துக்கு அப்புறம் உன் மாடு என் பட்டிக்கு வந்தா நானும் காதைப் பாக்க மாட்டேன்."

பத்ரோன் மீசையைக் கடித்தார். பிறகு தணிந்த குரலில் பேசினார். கத்தியபோது இருந்ததை விட அது பயமாக இருந்தது.

"சரி. குறி குறிதான். ஆனா அந்தத் தீவுல புல் போட்டா எனக்கு இருபது மாடு மேயும். அதை உன் குரங்குக்கு விடறேன். இனிமே உனக்குக் கூலிக் கன்னு கிடையாது எவுதோரோ. உன் பங்கு அந்த மரம்தான். வேணுமா, வேண்டாமா? இப்பவே சொல்லு."

நாற்பது மாடு, சொந்தப் பண்ணை, பத்ரோனுக்குக் கடைசிச் சலாம், எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. எவுதோரோ லாஸ்தேனியாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டம் பேச வந்தவள் அதற்கு இப்படி ஒரு விலை வரும் என்று நினைத்திருக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைப் பாத்தா? வாயிருக்குல்ல, சொல்லேன்யா!" என்று எரிந்து விழுந்தாள். எவுதோரோவுக்கு அது போதுமாக இருந்தது.

"வேணும், பத்ரோன்."

காளையை எல்லோரும் தின்றார்கள். எந்தப் பெயருக்காக வாட்டினார்களோ அதைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்டர் மூன்றாவது இனத்தின் காகிதங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, புது நோட்டை எடுத்து, இக்கரை லுக்காச்சி இந்தத் தீவில் ஐந்து என்று எழுதிக்கொண்டு போனாள். எவுதோரோ கத்தரிக்கோலைப் பெண்டாட்டியிடம் திருப்பிக் கொடுத்தான். அதன்பின் ஊரில் அவனைக் கண்டால் "என்னப்பா, குரங்குப் பண்ணை எப்படி?" என்று கேட்காதவன் கிடையாது. அவனும் "பால் கறக்கறதுதான் கஷ்டம்" என்று பதில் சொல்லிப் பழகிக்கொண்டான். ஆனாலும் மற்ற ஆட்கள் தங்கள் கன்றை எண்ணும்போது அவனுக்கு வலிக்கத்தான் செய்தது.

அடுத்த சான் ஹுவான் வந்தது. குறி போட்டு முடிந்ததும், வழக்கம்போலப் பத்ரோன் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த வருடம் அவன் பங்கில் எத்தனை கூடியது என்று கேட்டு எழுதினார். யராரி என்ற பெயர் வரிசையில் கடைசி. இந்தத் தடவை கூப்பிட மாட்டார் என்று நினைத்து எவுதோரோ குதிரையை அவிழ்க்கப் போய்விட்டான்.

"யராரி!" என்று பத்ரோன் கத்தினார். "உன் பங்கு எத்தனை?"

பட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். எவுதோரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஆறு, பத்ரோன். ஒண்ணு இந்த வருஷக் குட்டி. அப்பன் முதுகுல தொத்திக்கிட்டிருக்கு."

பத்ரோன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "கிடாயா, பொட்டையா?" என்று கேட்டுவிட்டு, எழுதுவதற்குக் காத்திருந்தார்.